மூன்று இயந்திரங்களுக்கும் ஒரே பெயர்

1

என் மகள் நான்கு நிமிடம் தமிழ் பேசினாள். அதை விசாரித்து முடித்து, இந்த ஊர்க் கல்வி அலுவலகம் எங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறது. நார்வேக்கு வந்த இந்தப் பதினான்கு வருடத்தில் நான் வாங்காத அரசாங்கக் கடிதம் இல்லை. எல்லாமே மிக மரியாதையாக இருக்கும். பயமுறுத்துவதே அந்த மரியாதைதான். மேல்முறையீடு செய்ய மூன்று வாரம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வாரத்தைக் கோபத்திலேயே கழித்துவிட்டேன். பதில் எழுத உட்கார்ந்தால் அவர்கள் மொழியில் கை ஓட மாட்டேன் என்கிறது. அதனால் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன். காரைக்குடிப் பக்கத்து ஆட்களுக்கு இதில் பாதியை விளக்கவே வேண்டியதில்லை.

நான் கோட்டையூர்க்காரன். பெயர் பழனியப்பன். வடக்கு நார்வேயில், நாலைந்து தீவுகள் சேர்ந்த ஒரு சின்ன நகராட்சியில் கணினி வலையமைப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அலுவலகம் கரையில் இருக்கிறது, வீடு தீவில். தினமும் படகில் போய் வருகிறேன். மகளுக்கு என் ஆத்தாவின் பெயர், மெய்யம்மை. பள்ளியில் அவள் பெயர் மாயா. யார் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் தமிழில் கேட்டால் அவள் நார்வே மொழியில் பதில் சொல்வாள். படகில் நான் ஊருக்குப் போன் பேசினால் எழுந்து அடுத்த வரிசைக்குப் போய்விடுவாள். பதினாறு வயது, பத்தாம் வகுப்பு.

அந்தப் பத்தாம் வகுப்புக் கடைசித் தேர்வுதான் விஷயம். அதில் வாங்கும் மதிப்பெண்ணை வைத்துத்தான் நகரத்துப் பள்ளியில் இடம். இரண்டு வருடமாக அவள் அந்த ஒரே பள்ளியின் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். தீவிலிருந்து கிளம்ப அவளுக்கு அது ஒன்றுதான் வழி. என்னிடமிருந்து கிளம்பவும் என்று எனக்குத் தோன்றும், சொல்ல மாட்டேன்.

2

இங்கே தேர்வு கணினியில்தான். கேள்விகளோடு ஒலிப்பதிவு, படம், வாசிக்க வேண்டிய பக்கங்கள் என்று பெரிய மூட்டையாக வரும். மே மாதத் தேர்வு நாளன்றே தீவுகளைக் கரையோடு இணைக்கும் கடலடிக் கேபிளைப் பழுது பார்க்கப்போவதாகக் கேபிள்காரர்கள் தேதி குறித்துவிட்டார்கள். தேதியை மாற்ற முடியுமா என்று கேட்டோம். முடியாது என்று மரியாதையாகக் கடிதம் வந்தது. மாற்று வழியாக ஒரு மெல்லிய ரேடியோ இணைப்பு உண்டு. அதில் தீவுப் பள்ளிகள் இரண்டும் ஒரே நேரத்தில் வெளி உலகத்துக்குப் போனால் எல்லோரும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

இதற்குத்தான் கேஷ் ப்ராக்ஸி என்ற ஏற்பாடு. வெளியிலிருந்து ஒரு முறை கொண்டுவந்ததைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அடுத்தவர் கேட்கும்போது எடுத்துக் கொடுக்கும் இயந்திரம். கரையில் அலுவலகத்தில் ஒன்று, தீவுப் பள்ளிகள் இரண்டிலும் ஆளுக்கு ஒன்று என்று மூன்று வைத்தேன். மூன்றையும் ஒன்றுக்கொன்று உடன்பிறப்பு என்று அறிமுகம் செய்து வைத்தேன். அந்த மென்பொருளிலேயே உறவுமுறை உண்டு. பெற்றோர் என்றால், இல்லாததையும் வெளியே போய் வாங்கி வந்து தரும். உடன்பிறப்பு என்றால், கையில் இருந்தால் மட்டும் தரும், உனக்காகக் கடைக்குப் போகாது. எங்கள் வீட்டில் கல்யாணம் முடிந்ததும் மகனுக்கும் மருமகளுக்கும் வேறு வைத்துவிடுவார்கள், ஒரே கூரையின் கீழ் ஆளுக்கொரு அடுப்பு. குழம்பு இருந்தால் அடுத்த அடுப்பில் கேட்கலாம், எனக்கு ஒன்று ஆக்கிக் கொடு என்று கேட்கக் கூடாது. இதை வகுப்பெடுத்து எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. கொஞ்சம் இறுமாப்போடுதான் அந்த வேலையைச் செய்தேன்.

ஒரு இயந்திரத்தை ஒழுங்காக அமைத்துவிட்டு, அதையே அச்சு அசலாக நகலெடுத்து மற்ற இரண்டிலும் இறக்கினேன். முகவரிகளை மட்டும் மாற்றினேன். முந்தைய வாரம் சோதித்துப் பார்த்தேன். தீவுப் பள்ளியில் ஒரு பெரிய ஒலிப்பதிவைத் திறந்தேன், கண் இமைக்கும் நேரத்தில் வந்தது. பதிவேட்டில் எச்சரிக்கை என்று ஏதோ ஒரு வரி ஓடியது. வருகிறதே, போதாதா என்று விட்டுவிட்டேன். அந்த வரியை அன்றைக்கே படித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

3

தேர்வு அன்று காலை ஏழு மணிக்கே கேபிளை அவிழ்த்துவிட்டார்கள். கேள்வி மூட்டை எட்டரைக்குக் கரை இயந்திரத்தில் வந்து இறங்கியது. எட்டே முக்காலுக்கு எங்கள் தீவுப் பள்ளியில் பிள்ளைகளுக்கு, தேர்வு எதைப் பற்றியது என்று சொல்லும் தலைப்புத் தாளையும் நுழைவு எண்ணையும் கொடுத்து உட்கார வைத்தார்கள். முப்பத்தெட்டுப் பேர், அதில் என் மகளும் ஒருத்தி. மற்றத் தீவுப் பள்ளியில் இந்த வருடம் பத்தாம் வகுப்பே இல்லை. ஒன்பதுக்குத் தொடக்கம். ஒன்பதரைக்குள் தொடங்காவிட்டால் மொத்த அரங்குக்கும் தேர்வு ரத்து, எல்லோரும் நவம்பரில்தான் எழுத வேண்டும். நகரத்துப் பள்ளிக்கு நவம்பர் மதிப்பெண் அந்த வருடத்துக்கு உதவாது.

எட்டு ஐம்பதுக்கு என் திரையில் சிவப்பு ஓடத் தொடங்கியது. பள்ளி இயந்திரம் கேட்கிறது: இது உன்னிடம் இருக்கிறதா? கரை இயந்திரம் சொல்கிறது: இருக்கிறது. சரி, கொடு என்று வந்தால் மறுக்கிறது. திரும்பக் கேட்கிறது, இருக்கிறது என்கிறது, வந்தால் மறுக்கிறது. நூறு முறை, நூற்றைம்பது முறை. இருக்கு என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிற வீட்டை நான் பார்த்ததே இல்லை.

சோதனையில் எப்படி வந்தது என்பதும் அப்போதுதான் உறைத்தது. அன்றும் மறுத்துத்தான் இருக்கிறது. பள்ளி இயந்திரம் பேசாமல் கேபிள் வழியாக நேரே வெளியே போய் வாங்கி வந்திருக்கிறது. நான்தான் பங்காளி கொடுத்தான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன். இன்று வெளியே போகக் கேபிள் இல்லை, ரேடியோவுக்கு அந்தத் தெம்பும் இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசியில் வீடியோ அழைப்பு. கோட்டையூரில் அன்றைக்குப் படைப்பு. வருடத்துக்கு ஒரு தரம் பங்காளிகள் எல்லோரும் கூடி, வீட்டில் தெய்வமானவர்களுக்குப் படைக்கிற நாள். ஒவ்வொரு வருடமும் பெரியப்பா மகன் என்னை அழைத்துக் காட்டுவார். கை தவறி எடுத்துவிட்டேன். வளவு முற்றம் நிறைய ஆட்கள், அங்கே மதியம் பன்னிரண்டரை வெயில்.

"என்னப்பா, மூஞ்சி பேய் அறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றார் அண்ணன்.

"வேலைல சிக்கல்ணே. பெறகு பேசுறேன். வைங்க."

வைப்பதற்குள் அந்தப் பக்கம் ஒக்கூரிலிருந்து வந்திருந்த சமையல்காரர் அடுப்படியிலிருந்து சத்தம் போட்டார். "பழனியப்பண்ணே! கொஞ்சம் இங்குட்டு வாரீகளா!"

நான் திரும்பினேன். நார்வேயில், அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன், யாரோ என்னைக் கூப்பிட்டதாக நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

4

இதை வெளியூர் வாசகர்களுக்கு மட்டும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் தலைப்பிள்ளை ஆணாகப் பிறந்தால் அப்பாவைப் பெற்ற ஐயாவின் பெயர்தான். எங்கள் ஐயாவுக்கு மூன்று மகன்கள். மூன்று பேருக்கும் தலைப்பிள்ளை ஆண். ஆகவே ஒரே வீட்டில் மூன்று பழனியப்பன்கள். அந்த அண்ணனும் பழனியப்பன்தான், நானும் பழனியப்பன்தான். எங்களுக்கு அது ஒரு சிக்கலாகவே தோன்றியதில்லை. வெளியே அப்பா பெயரைச் சேர்த்துச் சொன்னால் தெரிந்துவிடும், உள்ளே குரலை வைத்தே தெரிந்துவிடும்.

நார்வேக்கு வந்த புதிதில் குடியேற்ற அலுவலகப் படிவத்தில் உடன்பிறந்தோர் என்ற கட்டத்தில் இந்த அண்ணனையும் எழுதிவிட்டேன். பெரியப்பா மகன் அண்ணன் இல்லாமல் வேறு யார்? கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்கள் பெற்றோர் இரண்டு மகன்களுக்கும் ஒரே பெயரா வைத்தார்கள்?" என்றார். ஆமாம் என்றேன். மூன்றாவது ஆளும் உண்டு என்று வேறு சேர்த்துக்கொண்டேன். ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருக்கிறாரா என்று சரிபார்க்க வேண்டும் என்று என் கோப்பை ஏழு மாதம் நிறுத்தி வைத்தார்கள். அந்த ஏழு மாதமும் பட்டவன் நான். அப்படியும் புத்தி வரவில்லை.

மூன்று இயந்திரங்களையும் நகலெடுத்தபோது மூன்றுக்கும் ஒரே பெயரை விட்டிருந்தேன். இந்த மென்பொருளில் ஒவ்வொரு இயந்திரமும் ஒரு கோரிக்கையை அனுப்பும்போது அதன் தலையில் தன் பெயரை எழுதி அனுப்பும். வாங்குகிற இயந்திரம் அந்தப் பெயரைப் பார்க்கும். தன் பெயரே அதில் இருந்தால், நான் அனுப்பியதே சுற்றி என்னிடம் திரும்பி வந்துவிட்டது என்று முடிவு கட்டி மறுத்துவிடும். சுற்றிக்கொண்டே இருக்காமல் தடுக்கிற காவல் அது. கரை இயந்திரம் செய்தது முழுக்கச் சரி. தன் பெயரைக் கேட்டுத் திரும்பிப் பார்த்து, வந்தது தானேதான் என்று நினைத்துக்கொண்டது.

போனை வைத்தேன். கரை இயந்திரத்தின் பெயரை மாற்ற எனக்கு ஒரு நிமிடம் ஆகவில்லை. மணி ஒன்பது ஏழு. பள்ளி இயந்திரம் இனிக் கேட்டால் கிடைக்கும்.

ஆனால் அது கேட்கவில்லை. அத்தனை முறை மறுக்கப்பட்ட பிறகு, இந்த உறவு சரிப்படாது என்று கரை இயந்திரத்தைத் தன் பட்டியலிலிருந்து தள்ளி வைத்துவிட்டிருந்தது. யாராவது அதன் முன்னால் உட்கார்ந்து ஒரு கட்டளை கொடுத்து அமைப்பை மறுபடி வாசிக்க வைத்தால்தான் மனம் மாறும். இங்கிருந்தே உள்ளே நுழையலாம் என்றால், ரேடியோ இணைப்பில் தேர்வுக்குத் தேவையானதைத் தவிர மற்ற வாசல்கள் எல்லாவற்றையும் பாதுகாப்புக்காக நானே அடைத்து வைத்திருந்தேன். அடுத்த படகு பதினொரு மணிக்கு. பள்ளிக்குப் போன் அடித்தால் எடுக்க ஆள் இல்லை, எல்லோரும் தேர்வு அரங்கில்.

5

ஒன்பது பதினாறுக்கு மேசைத் தொலைபேசி அடித்தது. பிழைத் திரையில் நிர்வாகி என்று என் முழுப் பெயரையும் எண்ணையும் போட்டு வைத்திருந்தேன். முப்பத்தெட்டுத் திரைகளிலும் அதுதான் தெரிந்துகொண்டிருந்தது. தேர்வு அரங்கிலிருந்து இங்ரிட் என்ற ஆசிரியை பேசினார். ஒலிபெருக்கியில் போட்டிருந்தார். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் மூச்சுவிடுவதே எனக்குக் கேட்டது.

அரங்கின் பின்னால் இயந்திரம் இருக்கும் அலமாரியைத் திறக்கச் சொன்னேன், திறந்தார். விசைப்பலகையை எடுக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு என் நார்வே மொழி என்னை விட்டுப் போய்விட்டது. பதினான்கு வருடமாக அந்த மொழியில்தான் சம்பளம் வாங்குகிறேன். அன்று வாயைத் திறந்தால் பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். கடவுச்சொல் வேறு எங்கள் கோயில் பெயர், அதை இங்கே யாருக்கு எப்படிச் சொல்ல?

"மன்னிக்கவும்" என்றார் இங்ரிட். "எனக்கு நீங்கள் சொல்வது புரியவில்லை. மெதுவாகச் சொல்லுங்கள்."

மெதுவாகச் சொன்னேன், அதுவும் புரியவில்லை. மணி ஒன்பது இருபது.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "எனக்கு அவர் பேசுவது புரியும்" என்றது ஒரு குரல், நார்வே மொழியில். என் மகள்.

"மாயா, உட்கார். தாளைக் கொடுத்தாகிவிட்டது. நீ வெளியாளிடம் பேசினால் நான் அதை எழுதி அனுப்ப வேண்டியிருக்கும்."

"தெரியும்."

"பேசுவதாக இருந்தால் எனக்குப் புரிகிற மொழியில் பேசு."

அவள் அப்படித்தான் தொடங்கினாள். என்ன தட்ட வேண்டும் என்று அவர்கள் மொழியில் கேட்டாள். நான் ஏதோ உளறினேன். மறுபடி கேட்டாள். மறுபடி உளறினேன். பிறகு, "அப்பா, தமிழ்ல சொல்லுங்க" என்றாள்.

அத்தனை பேர் நடுவில், அவள் வகுப்புப் பிள்ளைகள் முன்னால். நான் சொன்னேன். பயனர் பெயர். கடவுச்சொல் நம்ம கோயில் பேரு, அதுக்குப் பின்னாடி நீ பிறந்த வருஷம். அவள் தட்டினாள். உள்ளே போயாச்சு என்றாள். கட்டளையைச் சொன்னேன், திருப்பிச் சொன்னாள், தட்டினாள். காத்திருந்தோம். என் திரையில் சிவப்பு நின்றது. ஒரு பச்சை வரி, பிறகு இரண்டு, பிறகு திரை முழுக்கப் பச்சை. அரங்கில் யாரோ "வந்திருச்சு" என்று அவர்கள் மொழியில் கத்தினார்கள். ஒன்பது இருபத்தாறு.

போனை வைத்துவிட்டு மேசையில் தலை கவிழ்ந்தேன். ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன், வெட்கமாக இருக்கிறது சொல்ல. பதினொரு மணிப் படகில் போய் இறங்கியபோது அவள் பள்ளி வாசல் படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். முப்பத்தேழு பேர் உள்ளே எழுதிக்கொண்டிருந்தார்கள். அவள் தாளை இங்ரிட் வாங்கி வைத்துவிட்டார்.

"ஏன் பேசினே?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"வேற யாருக்குப் புரியும்?" என்றாள், எரிச்சலாக.

6

இங்ரிட் நல்லவர். வீட்டுக்கே வந்து வருத்தப்பட்டார். பெண் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று அறிக்கையிலேயே எழுதினார். ஆனால் அந்த நான்கு நிமிடத்தில் என்ன பேசப்பட்டது என்று அரங்கில் ஒருவருக்கும் தெரியாது என்பதையும் எழுதினார், அதுவும் உண்மைதானே. தலைப்புத் தாள் அவள் கையில் இருந்தது. பேசியது தந்தையோடு. கல்வி அலுவலகம் என்னிடம் அந்த உரையாடலை நினைவிலிருந்து வரிவரியாக எழுதி, பக்கத்தில் மொழிபெயர்ப்பும், ஒவ்வொரு வரியும் எதற்காகச் சொல்லப்பட்டது என்ற விளக்கமும் கேட்டது.

பத்து வரி வந்தது. ஒன்பது வரிக்கு விளக்கம் எழுதுவது சுலபம். ஒரு வரியில் மாட்டிக்கொண்டேன். கட்டளையைத் தட்டிவிட்டுக் காத்திருந்த அந்த நேரத்தில், அவள் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னாள். ஊரில் அண்ணன் போனில் பேசுவதைக் கேட்டுக் கேட்டு வந்திருக்க வேண்டும், எங்கள் பக்கத்துப் பேச்சு அப்படியே இருந்தது. "பதறாதீக அப்பா. நான் இருக்கேன்ல."

என் மனைவி, அதை விட்டுவிட்டு எழுதச் சொன்னாள். யார் கேட்டார்கள், யாருக்குத் தெரியப்போகிறது? இரண்டு நாள் அந்தத் தாளை மேசையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தேன். மகளிடமே கேட்டேன். "நான் சொன்னதுதானே? எழுதுங்க" என்றாள். முழுவதையும் எழுதினேன்.

கடிதம் வந்தது. ஒன்பது வரிகளும் இயந்திரப் பணி தொடர்பானவை என ஏற்றுக்கொள்ளப்படுகின்றன. ஏழாவது வரிக்கு அந்தப் பணியோடு தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை, அதன் நோக்கம் தெளிவாக இல்லை. ஆகவே உரையாடல் முழுவதும் தொழில்நுட்பம் சார்ந்தது என்று உறுதி செய்ய இயலவில்லை. மாணவி நவம்பரில் எழுதலாம். நகரத்துப் பள்ளி இந்த வருடம் இல்லை.

படித்துவிட்டு அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுதாளா என்று தெரியாது. நான் அழுதேன், அதில் மறைக்க ஒன்றுமில்லை. என் சோம்பேறித்தனத்தால் முப்பத்தெட்டுப் பேருக்குப் போக வேண்டியதை அவள் ஒருத்தி வாங்கிக்கொண்டாள். நான் உண்மையை எழுதி அதையும் உறுதி செய்து கொடுத்திருக்கிறேன்.

மேல்முறையீட்டுப் படிவம் ஒரே ஒரு கட்டம்தான். ஏழாவது வரியின் நோக்கத்தை விளக்குக. சட்டம் தெரிந்த நண்பர் ஒருவர், "இயந்திரம் தயாராகும்வரை காத்திருக்கச் சொன்னாள் என்று எழுதிவிடு, முடிந்தது" என்கிறார். நல்ல யோசனைதான். மூன்று தரம் அப்படி எழுதி மூன்று தரமும் அடித்துவிட்டேன். இன்று காலை, உங்களுக்கு இவ்வளவையும் எழுதிய பிறகு, அந்தக் கட்டத்தை நிரப்பினேன். ஆச்சரியம், அவர்கள் மொழி தடங்கல் இல்லாமல் வந்தது.

"அப்போது என் குரல் நடுங்கிக்கொண்டிருந்தது. என் மகளுக்கு அது கேட்டது."